ட்ரெய்லர் கேள்வி பதில்: பாகத்தை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த டிராவல் ட்ரெய்லரை, அதாவது வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் நடமாடும் வீட்டை, மறுபடி வெளியே எடுத்தவர்கள் அனுப்பியவை. அவர்களில் பலர் புதுப் பாகம் வாங்கி மாட்டியும் கோளாறு தீராமல்தான் எழுதியிருக்கிறார்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. வோல்டேஜும் ஆம்பும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், ஒரு டார்ச், அரை நாள் பொறுமை, இவ்வளவு இருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: முன்பக்க ஜன்னலுக்குக் கீழே சுவரில் பழுப்பு நிறக் கறை. அந்த மூலையில் தரையும் லேசாக அமுங்குகிறது. ஜன்னலைச் சுற்றி சிலிகான் பூசியும் நிற்கவில்லை. ஜன்னலையே மாற்ற வேண்டுமா?

பதில்: ஜன்னலை இப்போதைக்குத் தொடாதீர்கள். தண்ணீர் நுழைகிற இடமும் கறை தெரிகிற இடமும் ஒன்றாக இருப்பது ட்ரெய்லரில் அபூர்வம். என் ட்ரெய்லரிலேயே படுக்கைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கறை வந்து, ஜன்னலைச் சுற்றியிருக்கும் அடைப்பை இரண்டு தடவை மாற்றினேன், கறை வளர்ந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில் கூரையில் ஏறிப் பார்த்தபோது, கூரையும் முன்சுவரும் சேரும் விளிம்பில், கறையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தள்ளி, இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசையில் தலைமுடி அளவு விரிசல். அங்கே நுழைந்த தண்ணீர் சுவருக்குள் இருக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வழிந்து, ஜன்னல் சட்டத்தில் தேங்கி, அங்கிருந்து உள்ளே வந்திருக்கிறது. அந்த விரிசலை ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் ஒரு டியூப் சீலன்டோடு முடிந்திருக்கும். நான் ஒரு பக்கச் சுவரையே பிரிக்க வேண்டி வந்தது.

அதனால் மேலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் கூரையின் முன், பின் விளிம்புகள், அப்புறம் கூரையைத் துளைத்து மேலே வருகிற ஒவ்வொன்றும்: காற்றுப்போக்கி, ஏசி, கழிவு டேங்கின் காற்றுக்குழாய், ஆன்டெனா. அங்கே ஒன்றும் இல்லையென்றால் உச்சியில் இருக்கும் சிறு விளக்குகளின் திருகுகள், மூலைகளில் ஓடும் உலோகப் பட்டை, அதன் பின்னால் இருக்க வேண்டிய பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) காய்ந்து சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்கு ஒரு நல்ல வழி உண்டு. எல்லா ஜன்னலையும் மூடி, காற்றுப்போக்கிகளை டேப் ஒட்டி அடைத்து, ஒரு ஃபேனை வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளுங்கள். வெளியே இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கொப்பளிக்கும்.

இடம் தெரிந்தவுடன் பூசிவிடாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே அடைத்தால் அந்த ஈரம் மரத்தோடு சிறைப்பட்டு அழுகலைத் தொடரும். உள்பலகையைக் கொஞ்சம் திறந்து காற்றோட்டம் கொடுத்து, ஈரமானியில் எண் இறங்குகிற வரைக்கும், அது வாரக்கணக்கில் ஆனாலும், காயவிடுங்கள். அப்புறம் உங்கள் கூரை எந்தப் பொருள் என்று பாருங்கள், ஈபிடிஎம் என்ற ரப்பர் விரிப்பா, டிபிஓ என்ற பிளாஸ்டிக் விரிப்பா, ஃபைபர்கிளாஸா. அதற்கென்று இருக்கும் சீலன்டையே வாங்குங்கள். படுக்கைவாக்கான பரப்புக்குத் தானாகப் பரவிச் சமமாகிற வகை, சுவருக்கு வழியாத வகை. சிலிகான் வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், சிலிகான் பூசிய இடத்தில் அதற்கு அப்புறம் வேறு எதுவுமே சரியாக ஒட்டாது. நீங்கள் பூசியதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஈபிடிஎம் கூரையைக் கழுவும்போது பெட்ரோலியம் கலந்த கிளீனரும் கூடாது, ரப்பர் ஊறி உப்பிவிடும்.

தரை அமுங்குவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வெளிச்சுவர் ஃபைபர்கிளாஸாக இருந்தால் கையால் தடவிப் பாருங்கள், எங்காவது கொப்புளம் போல எழும்பியிருந்தால் உள்ளே ஒட்டுப்பலகை பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரையைப் பார்த்துவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்கிறவர்களின் ட்ரெய்லர்தான் இருபது வருடம் தாண்டியும் ஓடுகிறது.

கேள்வி: இரவில் அறை ஹீட்டர் நன்றாக எரிகிறது. விடியற்காலையில் ஃபேன் மட்டும் ஓடுகிறது, பற்றிக்கொள்வதில்லை. கன்ட்ரோல் போர்டு போய்விட்டது என்கிறார்கள்.

பதில்: போர்டு வாங்கும் முன் பேட்டரியை அளந்து பாருங்கள். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது, இரவில் எரிகிறது, விடியலில் எரியவில்லை.

இந்த ஹீட்டர் வேலை செய்கிற வரிசையைச் சொல்கிறேன். அறைச் சூட்டைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட் கேட்டதும் முதலில் ஃபேன் சுழலும். அந்தக் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளும். தகடு நகர்ந்தால்தான் அதோடு இருக்கும் சிறு சுவிட்ச் மூடும், சுவிட்ச் மூடினால்தான் கேஸ் வால்வு திறந்து பொறி வரும். இரவு முழுக்க ஃபேன் ஓடிப் பேட்டரி இறங்கிவிட்டால் ஃபேன் சுழலும், ஆனால் வேகம் போதாது. தகடு நகராது. காதுக்கு ஹீட்டர் ஓடுவது போலத்தான் இருக்கும், நெருப்பு வராது.

ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 11 வோல்ட் பக்கம் வந்துவிட்டதென்றால் அதுதான் காரணம். வெளி மின்சாரத்தில் செருகி மறுபடி முயன்று பாருங்கள், உடனே எரிந்தால் போர்டு நன்றாகவே இருக்கிறது. பேட்டரி முனையில் வோல்டேஜ் சரியாக இருந்து ஹீட்டர் முனையில் மட்டும் குறைந்தால், நடுவில் எங்கோ தளர்ந்த அல்லது துருப்பிடித்த இணைப்பு இருக்கிறது.

வோல்டேஜ் இரண்டு இடத்திலும் சரியென்றால் அடுத்தது காற்று. திரும்பும் காற்றுக்கான கிரில்லின் முன்னால் பை, போர்வை எதையாவது வைத்திருக்கிறீர்களா, குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா, தகட்டில் நூலும் செல்லப்பிராணியின் முடியும் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே புகை போகும் துளைக்குள் குளவி கூடு கட்டியிருப்பதும் ரொம்ப சாதாரணம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அந்தச் சிறு சுவிட்சை ஒயர் போட்டு நேராக இணைத்து ஓட்டிவிடாதீர்கள். காற்று ஓட்டம் இல்லாமல் கேஸ் எரிவதைத் தடுப்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. நீங்கள் தூங்குவது அதற்குச் சில அடி தள்ளி.

கேள்வி: மூன்று வாரம் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு நிறுத்தினேன், வந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது.

பதில்: சுவர் சுவிட்சை அணைத்தாலும் அணையாத சில உண்டு: கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர், ரேடியோவின் நினைவகம், ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு. இவை எல்லாம் சேர்ந்து 0.15 ஆம்ப் மட்டும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 3.6 ஆம்ப்-அவர் (ஆம்பை மணி நேரத்தால் பெருக்கிய அளவு), 21 நாளில் கிட்டத்தட்ட 76. உங்களிடம் இருப்பது 100 ஆம்ப்-அவர் பேட்டரி என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

லெட் ஆசிட் பேட்டரி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு அளந்தால் 12.7 வோல்ட் காட்டினால் முழுக்க நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால், அதுவும் இறங்கிய நிலையிலேயே போட்டுவைத்தால், தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. குளிர் பிரதேசத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, சார்ஜ் இல்லாத பேட்டரி உறைந்து வெடிப்பு விடும்.

நிறுத்தும்போது மெயின் கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்புங்கள். அதற்கு முன்னாலேயே சில ஒயர்கள் பிரிந்து போகிற ட்ரெய்லர்கள் உண்டு என்பதால், திருப்பிய பிறகும் ஏதாவது ஓடுகிறதா என்று மீட்டரில் ஒருமுறை பாருங்கள். ஓடினால் நெகட்டிவ் கேபிளையே கழற்றிவிடுங்கள், கேஸ் டிடெக்டரும் நின்றுவிடும் என்பதால் சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டு. திரும்ப மாட்டும்போது கம்பி நிறத்தை நம்பாமல் பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்து மாட்டுங்கள். ட்ரெய்லரின் 12 வோல்ட் ஒயரில் பல இடங்களில் கறுப்புதான் பாசிட்டிவ். மாற்றி மாட்டினால், வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரில் அதற்கென்றே இருக்கும் ஃபியூஸ்கள் போய்விடும். “புதுப் பேட்டரி போட்டும் சார்ஜ் ஏறவில்லை” என்று எழுதியிருந்த இருவரும் முதலில் அந்த ஃபியூஸ்களைப் பாருங்கள்.

கேள்வி: யாரும் குழாயைத் திறக்காதபோதும் ராத்திரி தண்ணீர் பம்பு ஒரு வினாடி ஓடி நிற்கிறது.

பதில்: அழுத்தம் எங்கோ கசிகிறது. ஒன்று குழாயில் கசிவு, இல்லையென்றால் பம்புக்குள்ளேயே தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு சரியாக மூடவில்லை. ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் டிஷ்யூ காகிதத்தை வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் எது நனைந்திருக்கிறதோ அதுதான். கழிவறைக் கோப்பைக்குள் மெதுவாக இறங்கும் தண்ணீரை மறக்க வேண்டாம், அது தரையில் வராது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. எல்லாம் காய்ந்தே இருந்தால் பம்பின் வால்வு. பம்பைக் கழற்றித் தலைப்பகுதியைச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

கேள்வி: வெந்நீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, அழுகிய முட்டை வாசனை வேறு. புது வாட்டர் ஹீட்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இவை இரண்டு தனித்தனி பிரச்சினைகள், இரண்டுமே சின்னவை.

முதலில் வெதுவெதுப்பு. குளிர்காலத்துக்காக, தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிப் போகும்படி மாற்றிய பைபாஸ் வால்வைப் பழையபடி திருப்பி வைக்க மறந்திருப்பீர்கள். அது சரியென்றால் வெளியே இருக்கும் ஷவர் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே சூடு, குளிர் இரண்டு திருகும் திறந்து, ஷவர் தலையில் மட்டும் மூடியிருந்தால், வெளியே ஒரு சொட்டுகூட வராது, ஆனால் குழாய்க்குள் குளிர்ந்த நீர் வெந்நீரோடு கலந்துகொண்டே இருக்கும். ஹீட்டரை மாற்றிய பிறகும் இதே கோளாறோடு தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாசனைக்கு வருவோம். சல்பேட்டைத் தின்னும் ஒரு வகை பாக்டீரியா தேங்கிய தண்ணீரில் வளரும், மக்னீசியம் ஆனோட் கம்பி (டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரையும் கம்பி) இருக்கும் டேங்கில் அது இன்னும் சுலபமாக ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். ஹீட்டரை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, அழுத்தத்தை இறக்கிய பிறகு டேங்கைக் காலி செய்து உள்ளே கழுவுங்கள். அப்புறம் நன்னீர் டேங்கில் 60 லிட்டருக்கு 60 மில்லி என்ற கணக்கில் வாசனை சேர்க்காத வீட்டு பிளீச்சை விட்டு, ஹீட்டர் உட்பட எல்லாக் குழாயிலும் பிளீச் வாசனை வரும்வரை ஓட்டி, ஒரு இரவு வைத்திருந்து, காலையில் முழுக்க அலசிவிடுங்கள். ஆனோட் கம்பி முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அலுமினிய டேங்க் என்றால் கம்பி இருக்காது, தேட வேண்டாம். மறுபடி ஓட்டும்போது வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகே மின் சுவிட்சைப் போடுங்கள், தண்ணீர் இல்லாமல் போட்டால் ஹீட்டிங் எலிமென்ட் நொடிகளில் எரிந்துபோகும்.

கேள்வி: சிலிண்டர் மாற்றியதிலிருந்து அடுப்புச் சுடர் ரொம்பச் சின்னதாக எரிகிறது.

பதில்: வால்வை வேகமாகத் திறந்திருப்பீர்கள். இணைப்பிலோ வால்விலோ இருக்கும் பாதுகாப்பு அமைப்பு, குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்துக் கேஸைக் குறைத்திருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, சிலிண்டரை மூடி, சில நிமிடம் கழித்து மெதுவாகத் திறங்கள். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிடுங்கள். கேஸ் டிடெக்டரைத் திருப்பி அதன் தேதியையும் பாருங்கள், பெரும்பாலானவற்றின் ஆயுள் 5 முதல் 7 வருடம்தான்.

கேள்வி: கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் ஒரு இடத்தில் நன்றாகக் குளிர்கிறது, இன்னொரு இடத்தில் குளிரவே இல்லை.

பதில்: இடம்தான் காரணம். இந்த ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் சூட்டாலும் புவியீர்ப்பாலும் மட்டுமே சுற்றி வருகின்றன. ட்ரெய்லர் சாய்ந்து நின்றால் திரவம் ஒரு இடத்தில் தேங்கிச் சுற்று நின்றுவிடும், கொதிகலன் பகுதி அளவுக்கு மீறிச் சூடாகும். இப்படித் தொடர்ந்து ஓட்டினால் அந்தச் சேதம் நிரந்தரம். ஓடும் வண்டியில் இந்தப் பிரச்சினை வராது, ஆட்டத்தில் திரவம் இறங்கிவிடும். நிற்கும்போதுதான் மட்டம் பார்க்க வேண்டும். முழுக்கக் குளிர அரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால் கிளம்புவதற்கு முந்தைய நாளே போட்டுவையுங்கள். பின்பக்கம் மஞ்சள் படிவோ அம்மோனியா நெடியோ இருந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கழிவு டேங்க் காலி செய்த பிறகும் மீட்டர் “நிறைந்தது” என்றே காட்டுகிறது.

பதில்: சென்சார் முனையில் காகிதம் ஒட்டியிருக்கிறது. டேங்கில் பாதி தண்ணீர் விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, காலி செய்யுங்கள், சில தடவை செய்தால் விடும். கழிவுக் குழாயை இணைத்து நிறுத்தும்போது அந்த வால்வைத் திறந்தே விட்டுவிடாதீர்கள். நீர் ஓடிவிடும், கெட்டியானது கூம்பு போலக் குவிந்து இறுகிவிடும். முக்கால் அளவு சேர்ந்த பிறகு ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வால் ஆடுகிறது, லாரி கடந்தால் பயமாக இருக்கிறது. சாமான் எல்லாம் பின்னால்தான் வைக்கிறேன், இழுக்கும் வண்டிக்குப் பாரம் குறையட்டும் என்று.

பதில்: இதைப் படித்ததும் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்குத்தான் முதலில் எழுதினேன். தயவுசெய்து அடுத்த பயணத்துக்கு முன் இதைச் சரி செய்யுங்கள். பின்னால் பாரம் ஏற்றுவதுதான் அந்த ஆட்டத்தை உண்டாக்குகிறது.

ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் இறங்க வேண்டும். 2,500 கிலோ என்றால் 250 முதல் 375 கிலோ. ஐரோப்பிய வகை இலகுவான கேரவன்களுக்கு இந்த அளவு குறைவு, அவற்றுக்குக் கையேட்டில் சொன்னதே கணக்கு. எடைமேடையில் ட்ரெய்லரைத் தனியாக நிறுத்தி மொத்த எடை எடுங்கள். அப்புறம் வண்டியோடு கொக்கியில் மாட்டி, ட்ரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி எடை எடுங்கள். பாரத்தைப் பகிரும் கம்பிகள் இருந்தால் அவற்றைக் கழற்றிவிட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியில் இறங்கும் பாரம். அது உங்கள் வண்டியும் கொக்கியும் தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் மொத்த எடையைத்தான் குறைக்க வேண்டும். கனமானதை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள். தண்ணீர் டேங்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அச்சுக்குப் பின்னால் 150 லிட்டர் என்றால் அது 150 கிலோ.

ஓட்டும்போது ஆட்டம் வந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் ட்ரெய்லர் முன்னால் தள்ளி ஆட்டம் கூடிவிடும். வேகத்தை ஏற்றி இழுத்து நேராக்கலாம் என்றும் முயலாதீர்கள்.

கேள்வி: டயரில் பூ, அதாவது சாலையில் படும் பரப்பின் வரிப்பள்ளங்கள், அப்படியே இருக்கிறது, ஏழு வருடம் ஆகிறது, இன்னும் ஓட்டலாமா? பேரிங்கையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

பதில்: ஓட்ட வேண்டாம். ட்ரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதுதான் அதிகம். நின்ற இடத்திலேயே நின்று, வெயிலில் காய்ந்து, உள்ளே ரப்பரும் அடுக்குகளும் பிடிப்பை இழந்துவிடும், வெளியே பூ புதிதாகவே இருக்கும். பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள், 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரம் செய்தது. ஐந்து வருடத்திலிருந்து கவனமாகப் பாருங்கள், ஆறில் மாற்றிவிடுங்கள். ஓடும்போது டயர் கிழிந்தால் அந்தத் துண்டுகள் சக்கரக் குழிக்குள் அடித்துத் தரையையும் கேஸ் குழாயையும் பிய்த்துவிடும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பாருங்கள்.

பேரிங்கை வருடத்துக்கு ஒருமுறை, அல்லது சுமார் 19,000 கி.மீ.க்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் வையுங்கள். வெளியே இருக்கும் நிப்பிளில் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம், அவசரமாக அழுத்தினால் கிரீஸைத் தடுத்து நிறுத்தும் பின்பக்க அடைப்பைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் கிரீஸ் போய்விடும், பிரேக் பிடிக்காது. வழியில் நிற்கும்போதெல்லாம் சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், அல்லது தொடாமல் வெப்பம் காட்டும் சிறு கருவியால் அளந்து பாருங்கள். எல்லாம் ஒரே அளவு சூடாக இருந்தால் சரி, ஒன்று மட்டும் கொதித்தால் அங்கேயே நிறுத்திக் காரணத்தைப் பாருங்கள். வேலை முடிந்து சக்கரத்தை மாட்டிய பிறகு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்கும் ஸ்பேனர்) நட்டுகளை முறுக்கி, கிளம்பி 15, 40, 80 கி.மீ. ஆனதும் மூன்று தடவை நிறுத்தி மறுபடி முறுக்கிப் பாருங்கள்.